எங்கள் வீட்டுக் கணினி

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது 2010 ஆம் ஆண்டில். கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய இயந்திரம் அது. சித்தப்பா வாங்கிப் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தார். மொனிற்றரைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

கணினி வாங்குவது ஒருநாள் வேலை. அதனோடு சீவிப்பது நாளாந்தப் போராட்டம் என்றால் மிகையாகாது. தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ற் மின்கலம் ஒன்று உண்டு. எங்கள் கணினியில் அது தீர்ந்துபோயிருந்தது. அதனால் ஒவ்வொரு நாள் காலையும் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். எஃப்1 விசையை அழுத்தினால்தான் மேலே நகரும். சில நாட்களில் திரை இருண்டு, பீப் ஒலி மட்டும் கேட்கும். அப்போது செருகியைக் கழற்றிவிட்டு, நினைவகத் தகட்டின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவோம். அந்த வீட்டில் பாடசாலைக்குப் போனதைவிட அழிறப்பர் கணினிக்குத்தான் அதிகம் உழைத்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். 2011 இல் எங்கள் அப்பு காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டும். அக்கா இரவிரவாக இருந்து அப்புவின் வாழ்க்கை வரலாற்றைத் தட்டச்சுச் செய்தார். அம்மம்மா சொல்லச் சொல்ல எழுதியது அது. வேறெங்கும் பிரதி கிடையாது. சித்தப்பா வந்து அப்புவின் பழைய படங்களையும் அதில் ஏற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை கணினி எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஒற்றை வரி ஆங்கிலம் மட்டும் நின்றது. அச்சகத்துக்குக் கொடுக்க நான்கு நாட்களே இருந்தன.

அப்பா பட்டணத்திலுள்ள ஒரு கடைக்குப் போய், "கொம்பியூட்டர் வேலை செய்யுதில்லை" என்றார். கடைக்காரர் பொருளைப் பாராமலே, "போமற் அடிக்க வேணும், ஐயா. உள்ளுக்குள்ள இருக்கிறது எல்லாம் போகும்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அம்மம்மா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. "திரும்பவும் சொல்ல எனக்கு நினைவிருக்குமோ பிள்ளை" என்றார்.

வைத்தியரிடம் போய் "சுகமில்லை" என்று மட்டும் சொன்னால் அவரும்தான் என்ன செய்வார்? ஆனால், நல்ல வைத்தியர் கேள்வி கேட்பார். அயல்வீட்டு அண்ணா ஒருவர் அப்போது பேராதனையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். அன்றிரவு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, திரையில என்ன எழுதியிருக்கு? எழுத்தெழுத்தா வாசி."

"என், ரி, எல், டி, ஆர். அதைக் காணேல்லையாம்."

"நேற்றுப் புதுசா என்ன செய்தனீங்கள்?"

"சித்தப்பா படங்கள் கொண்டு வந்து ஏத்தினவர்."

"எதிலை கொண்டு வந்தவர்?"

"பென் டிரைவிலை."

"அது இப்ப எங்கை?"

கணினிப் பெட்டியின் பின்புறத்தில், தூசிக்குள், அது செருகியபடியே இருந்தது. கழற்றிவிட்டு மீண்டும் தொடக்கினேன். வழக்கமான பச்சைப் புல்வெளியும் நீல வானமும் திரையில் விரிந்தன. அக்கா ஓடிவந்து கோப்பைத் திறந்து பார்த்தார். ஓர் எழுத்தும் குறையவில்லை.

காரணத்தையும் அண்ணா விளக்கினார். கணினியைத் தொடக்கும்போது பணிசெயல் முறைமையை எந்தச் சாதனத்தில் முதலில் தேடுவது என்பதற்குப் பயொஸில் ஒரு வரிசை உண்டு. எங்களுடைய கணினி வன்தட்டுக்கு முன்பே பென் டிரைவைத் தேடும்படி அமைந்திருந்தது. பென் டிரைவிலோ தொடக்கத்துக்கு வேண்டிய கோப்பு இல்லை. அதனால் அங்கேயே நின்றுவிட்டது. வன்தட்டுக்கு ஒரு குறையும் இல்லை. போமற் அடித்திருந்தால், நோயில்லாத உறுப்பை வெட்டிய கதையாக முடிந்திருக்கும்.

துன்பம் அத்துடன் தீரவில்லை. ரொறன்ரோவிலுள்ள மாமா பிழை திருத்தித் தருவதாகச் சொன்னதால் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினோம். "என்னடா இது, முழுக்க இங்கிலீசு எழுத்தும் புள்ளியும் கோடுமா இருக்கு?" என்று அவர் கேட்டார். அக்கா பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தார். பாமினியில் கணினி சேமிப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளையே. அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். யூனிகோட் முறையிலோ தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே 'அ' எந்த நாட்டுக்குப் போனாலும் 'அ' தான். இதையும் அண்ணாவே சொல்லி, எழுத்துருமாற்றி ஒன்றினால் யூனிகோட்டுக்கு மாற்றியும் தந்தார். மாமா ஆறு எழுத்துப் பிழைகளையும், அப்பு பிறந்த ஆண்டில் ஒரு தவறையும் கண்டுபிடித்தார்.

கல்வெட்டு அந்தியேட்டிக்கு முதல்நாள் பின்னேரம் அச்சாகி வந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்த அண்ணாவிடம் அம்மா ஓர் உறைக்குள் காசு வைத்து நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. கல்வெட்டில் ஒரு பிரதி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, படலையடியில் நின்றபடியே முதற் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார்.