வீட்டுப் பள்ளிக்கூடமும் ஒரு கேரம் போர்டும்

பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்டுல வெச்சே சொல்லித் தர்றேன்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்க கேட்கிற முதல் கேள்வி, "பரீட்சைக்கு என்ன பண்ணுவே?" அதுக்குப் பதில் இருக்கு. 14 வயசு முடிஞ்சா தேசியத் திறந்தநிலைப் பள்ளியில பத்தாவது எழுதலாம். என் மாமியார் கேட்கிற கேள்விதான் கஷ்டம். "நாலு பேரோட பழக வேணாமா?"

எங்க ஊர் மீஞ்சூர் பக்கம். நெல்லு போட்டிருக்கோம். மகளுக்கு 12, மகனுக்கு 9. பொழுது சாய்ஞ்சா திண்ணைதான் வகுப்பு. பையனுக்குக் கட்டுறதுல பைத்தியம். நுங்கு வண்டியில ஆரம்பிச்சு இப்ப மெக்கானிக்ஸ் செட்டுக்கு வந்திருக்கான். நட்டு, போல்ட்டு, தகடு வெச்சு எண்ணூர்ல பார்த்த கிரேனைச் செய்றான். அது சாயும்போதெல்லாம் பின்பக்கம் எடை வேணும்னு அவனே கண்டுபிடிக்கிறான். ஆடு புலி ஆட்டத்துல 3 புலி, 15 ஆடு. பலமில்லாதவங்க ஒண்ணா நின்னா புலியைக் கட்டலாம்னு நான் பாடம் எடுக்கவே வேண்டியதில்ல.

மகளுக்குக் கேரம். அதுல வடசென்னையை மிஞ்ச முடியாது. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024-ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில 3 தங்கம் ஜெயிச்சாங்க. அப்பா ஆட்டோ ஓட்டுறவர், அவர்தான் ஆட்டமும் சொல்லிக் கொடுத்தார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் கொடுத்துச்சு. அதுக்கு முன்னாடி வியாசர்பாடி இளவழகி 2008-ல பிரான்சுல உலக சாம்பியன். ஒரு போர்டு, 19 காய், கொஞ்சம் பவுடர். கரண்ட் இருந்தா போதும், மைதானம் வேணாம். நெருக்கமான தெருவுல கேரம் வளர்ந்ததுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

போன மாசம் ராயபுரத்துல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தோம். தெரு முனையில பசங்க ஆடிட்டிருந்தாங்க. மகளும் உட்கார்ந்தா. வீட்டுல என்னைத் தோக்கடிக்கிற பொண்ணு. எதிர்ல இருந்த பையனுக்குப் பத்து வயசுகூட இருக்காது. ரெட்டைப் போட்டான், ஃபாலோவும் போட்டான், மிச்சக் காயையும் வரிசையா உள்ள தள்ளிட்டான். இவளுக்கு ஸ்ட்ரைக்கர் கைக்கே வரல.

திரும்பி வரும்போது ரயில்ல ஜன்னலையே பார்த்துட்டு வந்தா. திருவொற்றியூர் தாண்டிச்சு, விம்கோ நகர் தாண்டிச்சு. நானும் ஆறுதல் எதுவும் சொல்லல. கத்திவாக்கத்துல, "அவன் கட் அடிக்கிறப்போ விரலை எப்படி வெச்சான் பார்த்தியாப்பா? அடுத்த ஞாயிறும் போலாமா?"ன்னா.

மாமியார் கேட்டது அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. வீட்டுல நான் விதியைச் சொல்லித் தரலாம், பொறுமையைச் சொல்லித் தரலாம். என்னைவிடப் பெரிய ஆளோட மோதுறதை நான் எப்படிச் சொல்லித் தர முடியும்? நாத்தங்கால்ல எவ்வளவு செழிப்பா வளர்ந்தாலும் பிடுங்கி வயல்ல நட்டாத்தானே கதிர் வரும்?

வீட்டுப் பாடத்தை நிறுத்தப் போறதில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை இனிமே ராயபுரம். நடவு நாள்ல என்ன பண்றதுன்னுதான் யோசனை. "நீங்க வயலைப் பாருங்க மாப்பிள்ளை, நான் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லியிருக்காங்க மாமியார்.