எட்டு பேரிங்கும் ஒரு தழும்பும்

லாஸ் ஏஞ்சலீஸ் போகிறவர்கள் ஹாலிவுட்டைப் பார்ப்பார்கள், டிஸ்னிலேண்டைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது தங்கை வீட்டு கார் ஷெட்டை! 15 நாள் பயணத்தில் 4 நாள் அங்கேதான் கழிந்தது, கையில் உப்புத்தாளோடு.

எல்லாம் தங்கை மகன் செய்த வேலை. வயசு 12. வந்த மறுநாளே என்னை வெனிஸ் கடற்கரைக்கு இழுத்துப் போனான். மணலுக்கு நடுவே, கிண்ணம் கிண்ணமாகக் குழித்துக் கட்டிய சிமென்ட் மைதானம். 2009-ல் திறந்ததாம். பொடிசுகள் ஸ்கேட்போர்டில் ஏறி 'விர்'ரென்று குழிக்குள் இறங்கி, எதிர்ச்சுவரில் ஏறித் திரும்புகின்றன. வேடிக்கை பார்த்த எனக்கு அடிவயிறு கலங்கியது!

"1950கள்ல கடல்ல அலை இல்லாத நாள்ல, ரோலர் ஸ்கேட்டை ரெண்டாப் பிரிச்சு பலகையில அடிச்சு ஓட்டினாங்க மாமா" என்றான் பையன். அப்புறம் வந்தது களிமண் சக்கரம். சின்னக் கல் தட்டினால் போதும்... சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டான்! 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டு வந்த பிறகுதான் சாலையைக் கவ்விப் பிடித்து ஓட முடிந்தது. 1976 வறட்சியில் வீட்டு நீச்சல் குளங்கள் காய்ந்து கிடக்க, பையன்கள் வேலி தாண்டிக் குதித்து அதிலேயே ஓட்டினார்கள். அந்தக் குளங்களின் வாரிசுதான் நான் பார்த்த சிமென்ட் கிண்ணம்.

"நாமளும் வீட்லயே ஒண்ணு செய்யலாமா மாமா?"

"கடையில வாங்கித் தரச் சொல்லேன்டா."

"ஸ்கேட்போர்டுன்னாலே அம்மாவுக்குக் கோபம் வருது. ஏன்னே தெரியலை."

எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வேலையை ஆரம்பித்தோம். காகிதம் போல வளையும் மேப்பிள் மரத் தகடுகள் 7. ஐந்தில் மரத்தின் நார் நெடுக்காக ஓட வேண்டும், இரண்டில் குறுக்காக. எல்லாமே நெடுக்காக இருந்தால் பலகை வாழைமட்டை மாதிரி பிளந்துவிடும். பசை தடவி அடுக்கி, வளைந்த அச்சுக்கு நடுவே வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி ராத்திரி முழுக்க விட்டோம். மறுநாள் ரம்பத்தால் அறுத்து, ஓரத்தை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, 8 துளை போட்டோம். அதில்தான் 'ட்ரக்'கை முடுக்க வேண்டும். லாரி இல்லை சார், சக்கரம் மாட்டுகிற இரும்பு அச்சுக்கு அதுதான் பெயர்!

கடைசியாக பேரிங். சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு. ஒவ்வொன்றும் 22 மில்லிமீட்டர் விட்டம். ஒன்றை விரலில் மாட்டிச் சுண்டினேன். 'கிர்ர்ர்...'

அவ்வளவுதான், குன்னூருக்குப் போய்விட்டேன்!

மெக்கானிக் ஷெட்டில் கெஞ்சி வாங்கிய 3 பழைய பேரிங், பழைய கதவுப் பலகை, திருப்புவதற்கு ஒரு கயிறு. என் பேரிங் வண்டி. முன்னால் தங்கை, பின்னால் தள்ள நான். பள்ளத்தில் வேகம் கூடியதும் பயந்துபோய் கையை விட்டேன். தங்கையும் வண்டியும் போய் மதில்சுவரில் மோதினார்கள். அவளுக்குப் புருவத்தில் 6 தையல். வண்டியை அப்பா கோடாலியால் பிளந்து வெந்நீர் அடுப்பில் போட்டார். நான் கையை விட்டதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஷெட் வாசலில் நிழல் தட்டியது. நாலு நாளாகத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்த தங்கை! போர்டைத் திருப்பிப் பார்த்தாள். சக்கரத்தைச் சுண்டினாள்.

"இதுக்கு பிரேக் எங்கே?"

"கிடையாதும்மா. கால்தான்" என்றான் பையன்.

"அன்னிக்கும் கிடையாது" என்றாள் என்னைப் பார்த்து. புருவத் தழும்பு லேசாக ஏறி இறங்கியது. மகனுடைய ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துப் பலகையில் ஏறினாள்.

"அண்ணா... இந்தத் தடவையாவது விட்டுடாதே."

ஆக, அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

வாசல் சரிவு என்னவோ இருபதடிதான். கூடவே ஓடியதில் மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது.

கையை விடவில்லை.