நேபிள்ஸில் ஒரு பகல்

கப்பல் காலை ஏழு மணிக்கு நேபிள்ஸை அடையும்; மாலை ஆறுக்குப் புறப்படும். பிந்தியவருக்காகக் காத்திராது. இந்தப் பதினொரு மணித்தியாலத்துக்குள் காப்ரித் தீவு, சொரெந்தோ, வெசூவியஸ் எரிமலை, பொம்பேயி ஆகிய அனைத்தையும் அடக்கிவிட முதல் நாளிரவு பட்டியல் போட்டோம். கொடுத்த காசைக் கறந்துவிடும் புத்திதான், வேறென்ன?

எமது அறையைத் துப்புரவு செய்யும் தொழிலாளி அப்பட்டியலைக் கண்டு சிரித்தார். இத்துறைக்குப் பலமுறை வந்தவர். கிடைக்கும் இரண்டு மணித்தியால ஓய்வில் வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவாராம். துறைமுக வாசலைத் தாண்டியதில்லையாம்.

நாம் வெட்கினோம். பொம்பேயி ஒன்றே போதும் என்றாயிற்று.

ரயிலில் ஏறக்குறைய நாற்பது நிமிடம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய அந்நகரின் மாளிகைகளை விட்டு, ஒரு வெதுப்பகத்தில் நெடுநேரம் நின்றோம். எரிமலைக் கல்லில் செதுக்கிய பெருந்திரிகைகள்; கழுதைகளும் அடிமைகளும் சுழற்றியவை. 2023இல் அகழ்வாளர் வெளிப்படுத்திய வேறொரு வெதுப்பகத்துக்குத் தெருப்பக்கம் வாசலே இல்லை. சிறு சாளரங்களிலும் இரும்புக் கம்பி. கழுதைகள் தடம் மாறாது சுற்றவெனத் தரைக்கல்லில் குழிகள் வெட்டியிருந்தனர்.

நான்கு மணிக்கே கப்பலுக்குத் திரும்பிவிட்டோம்.

"என்ன பார்த்தீர்கள்?" என்றார் அந்தத் தொழிலாளி, படுக்கை விரிப்பை உதறியபடி.

"பாண் சுடும் இடம்" என்றோம்.

அவர் நம்பவில்லை.