இரவில்லா நகரில் ஓர் இரவு

சென்ற கோடை விடுமுறையில், சீன தேசத்துச் சீயான் மாநகரில் மருத்துவம் பயிலும் எம் தமையனாரிடம் சென்று சின்னாள் தங்கியிருந்தோம். பண்டு தாங் வமிசத்து அரசர் வீற்றிருந்து ஆண்ட சாங்கான் என்னும் தலைநகரே இக்காலத்துச் சீயான் என்பது அன்பர்கள் அறிந்ததே. அந்நகரின் தென்பால், யுவான் சுவாங் என்னும் துறவியார் பாரத நாட்டினின்று கொணர்ந்த சுவடிகளைக் காத்தற்பொருட்டு 652-ஆம் ஆண்டில் எடுப்பித்த பெருங்காட்டு வாத்துக் கோபுரம், பின்னர்ப் புதுக்கப்பெற்று, ஏழு நிலைகளுடன் ஓங்கி நிற்கின்றது. நம் காஞ்சி மாநகரைத் தம் யாத்திரை நூலிற் குறித்து வைத்தவர் இவரே. அக்கோபுரத்தின் தெற்கே ஏறக்குறைய 2,100 மீட்டர் நீளத்திற்கு, வண்டிகள் புகாத வீதியொன்று அமைத்துள்ளனர். ‘மாபெருந் தாங் இரவில்லா நகர்’ என்பது அதன் பெயர்.

அந்தி மயங்கும் வேளையில் யாம் உட்புகுந்தோம். கூரை விளிம்புகளும் மரக்கிளைகளும் ஒருங்கே ஒளி பெற்றன. பழங்காலப் பட்டுடை அணிந்து, நெற்றியிற் செம்பூ எழுதிய மகளிர் கூட்டங் கூட்டமாய் வந்தனர். அவ்வுடைகளை ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்குத் தருங் கடைகள் பலவுள. பட்டின் கீழே ஓட்டப் பந்தயத்திற்குரிய வெண் சப்பாத்துக்கள் எட்டிப் பார்த்ததைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

வரலாறு சிறிது பயின்றார்க்கு இவ்வீதியின் பெயரே நகை விளைக்கும். தாங் காலத்துச் சாங்கான், நூற்றுக்கு மேற்பட்ட மதில்சூழ் வட்டாரங்களாக வகுக்கப்பட்டிருந்தது. அந்தியில் முரசு முழங்கும். முழக்கம் ஓய்ந்ததும் வட்டாரக் கதவுகள் அடைபடும். அதன்பின் பெருவீதியில் உலவுவோர்க்கு அக்காலச் சட்டம் விதித்தது இருபது பிரம்படி. இரு பேரங்காடிகளும் நண்பகலில் முந்நூறு முரசொலியுடன் திறந்து, ஞாயிறு மறையுமுன் மூடப்படும். ஆண்டின் முதற் பௌர்ணமியையொட்டிய விளக்குத் திருநாளில் மாத்திரம் மூன்றிரவுகள் அத்தடை நீங்கும்.

“அக்காலமாயின் இங்குள்ளார் அனைவரும் அடிபட வேண்டியவர்களே, அண்ணா!” என்றோம்.

“மூன்றிரவை முந்நூற்றறுபது இரவாகப் பெருக்கிக் கொண்டனர்; உனக்கென்ன நட்டம், தம்பி?” என்றார் அவர்.

அவ்விடை எமக்கு உவப்பளிக்கவில்லை. மாந்தர் களித்தலில் எமக்கு வழக்கில்லை. அதன்மேல் தாங் என்னும் பெயரை ஏற்றுவானேன்? 755-இல் ஆன் லூஷான் என்னும் தளபதி கலகம் விளைத்தான். மறு ஆண்டிலே தலைநகர் அவன் படை வசமாயிற்று. தம் இளங்குழவி பசியால் மாண்டதைக் கவிஞர் தூ பூ அழுது பாடினார். அவர்க்குக் கோபுரத்தின் வடபாற் சதுக்கத்தில் சிலையுண்டு. அவருடைய பசிக்கு இவ்விளக்குகளிடையே இடங் காணோம் என்று வாதித்துக்கொண்டே நடந்தோம்.

வழியில் பெருங்கூட்டம் ஒன்று எம்மை நிறுத்திற்று. லீ போ என்னும் கவிஞராக வேடம் பூண்ட ஒருவர் மேடைமீது நின்று, பழம்பாட்டின் ஓரடியைச் சொல்லிக் கை நீட்டுகிறார். அடுத்த அடியைக் கூட்டத்தார் சொல்லுதல் வேண்டும். தந்தையின் தோள்மேல் அமர்ந்த எட்டு வயதுச் சிறுமி, மூன்று பாட்டுக்களுக்குத் தடையின்றி விடை பகர்ந்தாள். ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு முற்பட்ட அடிகள், பால்மணம் மாறாத வாயில்! தமிழ் பயிலும் எமக்கு உண்டான பொறாமையை மறைப்பானேன்?

நான்காம் அடிக்கு அவள் விழித்தாள். கூட்டமும் ஒருகணம் அடங்கிற்று. எம் பின்னே வீதி பெருக்கும் மூதாட்டியார் ஒருவர், மேடைக்குக் கேளாத மெல்லிய குரலில், தமக்கே சொல்லிக்கொள்பவர் போன்று அதனை நிறைவு செய்தார். போர்க்காலத்தில் வீட்டினின்று வரும் கடிதத்தின் அருமையைப் பற்றிய அடி அது என்றும், பகைவர் கைப்பட்டிருந்த இதே நகரில் 757-இல் தூ பூ பாடியது என்றும் தமையனார் விளக்கினார்.

எம் குறிப்பேட்டில் அதனை எழுதித் தருமாறு அவர் அம்மூதாட்டியாரை வேண்டினார். துடைப்பத்தை மரத்திற் சார்த்திவிட்டுக் கைகளை மேலாடையில் துடைத்துக்கொண்டு, ஐந்தெழுத்துக்களையும் நிறுத்தி நிறுத்தி அவர் எழுதித் தந்தார்.