செய்தவன் இல்லாத வாக்கியம்

ஆங்கில இலக்கணத்தை நம்மில் பெரும்பாலோர் கணக்கு மாதிரிதான் படித்திருக்கிறோம். ஒரு வாக்கியத்தைக் கொடுப்பார்கள். அதை இன்னொன்றாக மாற்றவேண்டும். நேர்கூற்றை அயற்கூற்றாக, செய்வினையைச் செயப்பாட்டுவினையாக. ராமன் ராவணனைக் கொன்றான் என்பதை ராவணன் ராமனால் கொல்லப்பட்டான் என்று திருப்பிவிட்டால் ஒரு மார்க். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே என்றால் ஆங்கிலேயன் எதற்காக இரண்டை வைத்திருக்கிறான் என்ற கேள்வி வகுப்பில் எழவே எழாது. பி.ஏ.யிலும் இதே கதைதான். இலக்கணம் ஒரு பேப்பர், கவிதை வேறொரு பேப்பர்; இரண்டுக்கும் இடையில் போக்குவரத்து கிடையாது. நம் அலமாரிகளில் தடியாகக் கிடக்கும் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தின் ரென், 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிய அதே பி. ஸி. ரென்தான். கதை சொல்லத் தெரிந்தவர். அவர் பெயரால் நமக்கு வந்துசேர்ந்ததோ வாக்கியங்களைத் தலைகீழாக்கும் பயிற்சி.

'எ', 'தி' விவகாரம் இதைவிட மோசம். தமிழில் 'தி' இல்லை, ஆகவே தமிழனுக்கு அது வராது என்று ஆரம்பத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் வீட்டுக் குழந்தைக்குத் தெரியும். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். 'தி' செய்கிற வேலையில் ஒரு பங்கை நம் 'ஐ' உருபு செய்துவிடுகிறது. (எல்லா இடத்திலும் அல்ல. உயர்திணையில் இந்தக் கணக்குச் செல்லாது. ராமனை என்றுதான் சொல்லியாக வேண்டும்.) உனக்கு இது ஏற்கனவே தெரியும் என்று மாணவனிடம் சொன்னவர் எவருமில்லை. பக்கத்து அறையில் தமிழாசிரியர் அதே வேளையில் இரண்டாம் வேற்றுமையை நடத்திக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு சுவர்.

செயப்பாட்டுவினையும் அப்படித்தான். கண்ணாடி டம்ளரைக் கீழே போட்ட குழந்தை 'உடைச்சுட்டேன்' என்று சொல்வதில்லை, 'உடைஞ்சுபோச்சு' என்கிறது. செய்தவனை வாக்கியத்திலிருந்து நழுவவிடும் வித்தை ஆங்கிலம் நமக்குக் கற்றுத் தந்ததல்ல. செயப்படுபொருளையே செய்தவன்போல் நிறுத்திப் பேசுவது வழக்கில் உண்டு என்று தொல்காப்பியம் ஒப்புக்கொள்கிறது. உரைகாரர்களின் உதாரணத்தில் திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்கிறது. 1856இல் கால்டுவெல், திராவிட மொழிகளுக்கு அசலான செயப்பாட்டுவினையே கிடையாது என்று எழுதினார். அதை முழுக்க ஏற்கவேண்டியதில்லை. ஆனால் 'படு' போட்ட வினை இன்றும் காகிதத்தில்தான் சௌகரியமாக இருக்கிறது. வாயில் ஏறமாட்டேன் என்கிறது.

இதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது பாங்க் கவுண்டரில். மகளின் படிப்புக்குக் கடன் கேட்டிருந்த ஒரு அம்மாள், வந்த கடிதத்தை என்னிடம் நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னாள். நான்கு வரி ஆங்கிலம். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, இயலாதென்று கண்டறியப்பட்டது, வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. வருத்தப்படுவதற்குக்கூட ஆள் இல்லை. அச்சுத் தமிழில் இதை அப்படியே பெயர்த்துவிடலாம். எதிரில் நிற்கிற மனுஷியிடம் அதைச் சொல்ல முடியாது. "குடுக்க முடியாதுன்னுட்டாங்கம்மா" என்றேன். உடனே கேட்டாள்: "யாரு சார் சொன்னது?"

ஆங்கிலக் கடிதம் அந்தக் கேள்விக்கு இடமே வைக்கவில்லை. என் வாக்கியத்திலும் எழுவாய் இல்லைதான். ஆனால் அந்த 'ஆங்க' விகுதியில் யாரோ சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் அவர்களைப் பார்த்துவிட்டாள். ராமனால் என்ற சொல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் பள்ளிக்கூடம் சொல்லியிருக்க வேண்டும். ராவணன் கொல்லப்பட்டான் என்பது முழு வாக்கியம். இலக்கணப் பிழை ஏதுமில்லை. அலுவலகங்கள் அந்த வசதியில்தான் நடக்கின்றன. மேனேஜர் அறையைக் காட்டி, உள்ளே போய்க் கேளுங்கள் என்றேன். போனாள். என்ன பதில் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது கடிதத்தை நான்காக மடித்திருந்தாள்.

அன்றிலிருந்து விமர்சனக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு சந்தேகம் கூடவே வருகிறது. 'முக்கியமான கவியாகக் கருதப்படுகிறார்.' 'யதார்த்தவாதம் காலாவதியாகிவிட்டதாகச் சொல்லப்படுகிறது.' 'இந்நாவல் பரவலாக வரவேற்கப்பட்டது.' கருதியது யார், சொன்னது யார்? இலக்கிய விமர்சனம் யாரோ ஒருவன் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுத் தன் பெயரில் சொல்லும் அபிப்பிராயம். அதைக் கடன் நிராகரிப்புக் கடிதத்தின் வாக்கியத்தில் எழுதுகிறோம். போன மாதம் இப்படி ஒரு 'கருதப்படுகிற' கவியைப் பற்றி விசாரித்துப் பார்த்தேன். கருதுகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் கட்டுரையை எழுதியவர், மற்ற இருவரும் அவருடைய சிநேகிதர்கள்.