பதினைந்து சைக்கிள்

கிற்றார் வாசிக்கிற இரண்டு பெடியள் சந்தித்தால், "சாப்பிட்டியோ?" என்று கேட்க முதல் "என்ன அம்ப் வச்சிருக்கிறாய்?" என்றுதான் கேட்பார்கள். நான் காங்கேசன்துறையில் இருந்து வாசிக்கிறவன். என்னிடம் அம்ப் இல்லை. ஒரு பழைய மடிக்கணினி, அதற்குள் அம்ப் மாதிரி நடிக்கிற ஒரு மென்பொருள், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். ஆனாலும் மார்ஷலா மெசாவா என்று நண்பர்களோடு விடியும்வரை சண்டை பிடித்திருக்கிறேன். ஒன்றையும் நேரில் கேளாமலே!

போன வருசம் மச்சாளின் கலியாணத்துக்கு ரொறன்ரோ போனபோதுதான் கேட்கக் கிடைத்தது. ஸ்காபரோவில் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுகிற ஒத்திகை அறை ஒன்றுக்கு மாமா கூட்டிக்கொண்டு போனார். மாமா அம்மாவின் தம்பி. சின்ன வயதில் எங்கள் ஊரில் ரேடியோ திருத்துகிற கடையொன்றில் எடுபிடியாக நின்றவர். அமெரிக்கர் 'ரியூப்' என்று சொல்வதும், அம்மப்பாவின் ரேடியோவுக்குள் இருந்த வால்வும் ஒன்றுதான் என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

அறையில் மூன்று ஹெட் இருந்தன. 1981இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800. 1990களின் தொடக்கத்தில் வந்த மெசா பூகி டுவல் ரெக்டிபயர். 1992இல் எடி வான் ஹேலனுக்காகச் செய்த பீவி 5150. மூன்றையும் ஒரே ஸ்பீக்கர் பெட்டியில் மாற்றி மாற்றிக் கொழுவினோம். அதே கிற்றார், அதே ரிஃப்.

'ஹை கெயின்' என்பதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஈசிசி83 என்ற சின்ன வால்வுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். முதலாவது வால்வ் சிக்னலைப் பெருப்பித்து அடுத்ததுக்குக் கொடுக்கும். அடுத்ததால் தாங்க ஏலாத அளவுக்குக் கொடுத்தால் அலையின் உச்சி வெட்டுப்படும். அந்த வெட்டுத்தான் டிஸ்டோர்ஷன். எத்தனை இடத்தில் வெட்டுது, வெட்டமுதல் எவ்வளவு பேஸைக் குறைக்குது என்பதில்தான் அம்புக்கு அம்ப் வித்தியாசம்.

முதல் சுற்றில் ரெக்டிபயர்தான் வென்றது. நெஞ்சில் இடிக்கிற அடிச்சத்தம். நான் துள்ளிக் குதிக்க, மாமா சிரித்தார். "அது மற்றதுகளை விடச் சத்தமா நிக்குது மருமோன். சத்தம் கூடினது எப்பவும் நல்லாத்தான் கேக்கும். மூண்டையும் ஒரே அளவில வைச்சிட்டுச் சொல்லு." வைத்துப் பார்த்தோம். என் தீர்ப்பு அப்படியே மாறிப்போனது.

ரெக்டிபயரின் அடிச்சத்தம் பெரிசு, ஆனால் தளர்வு. வேகமான ரிஃபில் ஒரு அடி முடியமுதல் அடுத்த அடி வந்து மேலே ஏறுது. அதன் 'மொடேர்ன்' நிலையில் பவர் பகுதியின் நெகட்டிவ் பீட்பாக்கை எடுத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கரைக் கட்டிப்பிடிக்க ஆள் இல்லை. 5150 இதற்கு எதிர்மாறு, இறுக்கம். ஒவ்வொரு அடியும் வெட்டி வைத்த மாதிரி. ஆனால் மேலே ஈசல் பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல். இரண்டின் சேர்கிட் வரைபடத்தையும் பார்த்தால் 1987இல் வந்த சொல்டானோ எஸ்எல்ஓ-100க்குச் சொந்தக்காரர் என்று விளங்கும். ஒரு வீட்டுப் பிள்ளைகள், குணம் வேறு.

மார்ஷலில் கெயின் இவற்றை விடக் குறைவு. நடுச்சத்தம் முன்னுக்கு நிற்கும், கடிக்கும். கோர்ட் ஒன்றைப் பிடித்தால் உள்ளுக்குள் இருக்கிற ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கும். என் வலது கையின் பிழைகளும்தான். மென்பொருளில் கெயினைக் கூட்டிக் கூட்டி இவ்வளவு காலமும் நான் மறைத்த பிழை எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்தது. பிறகு 5150இன் கெயினையும் பாதிக்கு இறக்கினேன். சத்தம் முன்னையதை விடக் கனமாக வந்தது.

வரும்போது காருக்குள் மாமா ஒரு கணக்குச் சொன்னார். 1990இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டு மானிப்பாயில் இருந்த காலம். கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டார்கள். பெடல் சுற்றுவது அம்மாவின் வேலை. "டைனமோ 6 வோல்ற், 3 வாட். ரான்சிஸ்ரர் ரேடியோவுக்குக் காணும். உன்ர மார்ஷலில நாலு இஎல்34 இருக்கு. ஒண்டு சூடாகவே ஒம்பதரை வாட் வேணும். நாலுக்கும் 38. மூண்டு ஈசிசி83க்கு இன்னும் ஆறு. பதினைஞ்சு சைக்கிள் வேணுமடா, வால்வ் சிவக்கிறதுக்கு மட்டும். சத்தம் அதுக்குப் பிறகுதான்."

சிரித்தேன். ஆனால் மனம் வேறு எங்கோ போனது.

கனடா போக முதல் ஒருநாள், ஹெட்போனைக் கழற்றிவிட்டு வீட்டு ஸ்பீக்கர் செற்றில் கொழுவி, தடித்த கம்பியை உள்ளங்கையால் அமத்தி அடித்தேன். அம்மா ஈரக்கையோடு ஓடி வந்து கதவடியில் நின்றா. ஏசவில்லை. "என்னடா அது?" என்று மட்டும் கேட்டா. எனக்கு அது பாம் மியூட். அவவுக்கு வேறொன்று. அன்றிலிருந்து ஹெட்போன்தான்.

மாமா 15 வாட் அம்ப் ஒன்று வாங்கித் தாறன் என்றபோது வேண்டாம் என்றேன். கனடா அம்ப் 120 வோல்ற், எங்கள் 230க்கு ட்ரான்ஸ்போர்மர் வேணும் என்று சாட்டுச் சொன்னேன். 15 வாட் என்றாலும் 100 வாட்டை விட 8 டெசிபல்தான் குறைவு. 10 குறைந்தால்தான் காதுக்குப் பாதியாகத் தெரியும். வீடு அதிரும்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவ தேங்காய் திருவிக்கொண்டே சொன்னா: "எனக்குச் சத்தம் பிரச்சினையில்லை. அந்த நாளையில ஒருத்தரும் சொல்லிப்போட்டு அடிக்கேல்லை. நீ சொல்லிப்போட்டு அடி."

இப்போது பின்னேரங்களில் அறைக்குள் இருந்து "அம்மா, அடிக்கப் போறன்" என்று கத்துகிறேன். குசினிக்குள் இருந்து "ம்ம், அடி" என்று வரும். கெயினைப் பாதியில் வைத்துத் தொடங்குகிறேன். இரண்டு நிமிசத்தில் அவ எழும்பி வந்து யன்னலைச் சாத்துகிறா. பயத்தில் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை நித்திரையாம்.

மாமாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். ட்ரான்ஸ்போர்மர் இங்கேயே வாங்கலாம் என்று.