கைதான் வந்துவிட்டதே என்கிறார்கள்

தென்காசிப் பக்கம் எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்குக் கதிரடிக்கும் இயந்திரத்தில் வலது முன்கை போய் ஒன்றரை ஆண்டாகிறது. நன்கொடையாளர்கள் உதவியால் இப்போது மின்கை மாட்டியிருக்கிறார். மயோஎலெக்ட்ரிக் கை என்பார்கள். மிச்சமிருக்கும் தசையை இறுக்கினால் தோலில் எழும் சின்ன மின்குறிப்பை மின்முனைகள் பிடித்துக்கொள்ளும்; மோட்டார் ஓடி விரல்கள் மூடும், திறக்கும்.

அதில் அவர் கண்ட பெரிய லாபம் எது தெரியுமா? மொய். இடதுகையால் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள் என்று கல்யாண வீடுகளுக்கே போகாமல் இருந்தவர், போன மாதம் வலதுகையால் மொய்க் கவரை நீட்டினார். ராத்திரியில் இல்லாத விரல்கள் இறுகி வலிக்கும் தொல்லையும் குறைந்திருக்கிறதாம். (இந்த மாய வலியைத்தான் 1990களில் வி.எஸ்.ராமச்சந்திரன் ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியை வைத்துத் தணித்துக் காட்டினார்.) கையின் மேலுறைதான் வேடிக்கை. சந்தன நிறம். "பாத்தியளா, என்னயவிட என் கை ஒசந்த சாதியால்லா இருக்கு" என்று சிரிக்கிறார்.

ஆனால் அந்தக் கைக்குச் சூடு தெரியாது. டீ கிளாஸைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பிடிக்க வேண்டும். வியர்வை இறங்கினால் மின்முனை வழுக்கி, சொன்னபடி கேட்காது. குற்றாலத்தில் சாரல் விழுந்தாலே பாலிதீன் பையைச் சுற்றிக்கொள்கிறார். ஐந்தருவியில் குளிக்கக் கழற்றி எங்களிடம் கொடுக்கிறார். மண்வெட்டி, செங்கல், நெல்மூட்டை எதற்கும் அது ஆகாது. மேசை வேலை பார்க்கிறவரை மனதில் வைத்துச் செய்த கை. கூலிக்காரருக்கு அது மரியாதையைத் தருகிறது, கூலியைத் தரவில்லை.

இதைச் சொன்னால் இயந்திரக்காரர் தரப்பு, "கைதான் வந்துவிட்டதே, இன்னும் என்ன இழப்பீடு?" என்கிறது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் ஒரு கை போனால் சம்பாதிக்கும் திறனில் 60 சதவீதம் போனதாகக் கணக்கிட்டது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் மேலே போனது: இடதுகையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் இனி தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்றது. எந்தக் கை இருக்கிறது என்பதல்ல, எந்த வேலை போனது என்பதே கேள்வி. கதிரடிக்கிறவருக்கும் அதுதானே நியாயம்?

மனு கொடுக்க இரண்டாண்டுதான் கெடு. விசாரணைக்குக் கையைக் கழற்றிவிட்டு வரச் சொல்லலாம் என்று எங்களில் சிலர் சொன்னோம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டுதான் வருவாராம்.